பழுதுற்ற கணினியும் வாங்கியோர் உரிமையும்

தமிழ் கற்பிக்கும் எமக்குச் சட்டத்துறையில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சட்டமும் சொற்களால் ஆயதே. கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் சொற்களால் ஆயவையே. அச்சொற்களுக்குப் பொருள் காண்பது மொழியாசிரியர்க்குப் புறம்பான தொழிலன்று என்னும் துணிவினாலேயே இதனை எழுதப் புகுகின்றோம்.

பல்கலைக்கழகம் புகும் மகனுக்கு மடிக்கணினி வாங்குதற்குத் தந்தை கடன்படுகின்றார். தாய் தன் காப்பை ஈடு வைக்கின்றாள். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பும் பணத்தினாற் பாடசாலைகளிற் கணினி அறைகள் எழுகின்றன. இங்ஙனம் வாங்கிய கருவி மூன்றாம் வாரத்திலேயே முடங்கிவிடுகின்றது. கடைக்குச் சென்றவரிடம் அட்டையின் அடியிலுள்ள சிற்றெழுத்தைச் சுட்டிக்காட்டி, "இதற்கு உத்தரவாதம் இல்லை" என்று கூறி அனுப்பிவிடுகின்றனர். அதுவே சட்டம் என நம்பி அவரும் திரும்பிவிடுகின்றார். அது சட்டமன்று. அட்டை என்பது விற்போர் தாமாக முன்வந்து தரும் வாக்கு. விற்பனை நிகழ்ந்த அக்கணத்திலேயே, அவர் வாய் திறவாதிருந்தும், சட்டம் அவர் வாயில் வைத்துப் பேசுவித்த வேறு வாக்குகள் உள. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

அட்டைகளின் மொழி தனிமொழி. ஓராண்டு என்பதற்கு 350 நாள் என்று பொருள் கூறும் பற்றுச்சீட்டுகளை நாமே கண்டுள்ளோம். எந்த நிகண்டிலும் அப்பொருள் இல்லை! இடிமின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எரிந்த தழும்பு, ஈரம் என்பவற்றால் வரும் பழுதுகள் விலக்கப்பட்டிருக்கும். இவற்றுட் பல நியாயமானவையே. இடி விழுந்த வீட்டின் கணினிக்குக் கடைக்காரர் பொறுப்பேற்றல் வேண்டும் என்று எவரும் சொல்லார். ஆயின் வாங்கும்போதே வன்தட்டிற் குறை இருந்ததாயின், அட்டையிற் சொல்லப்பட்டதா அன்றா என்னும் வினாவோடு வழக்கு முடிந்துவிடாது.

விற்ற பொருளின் குறைக்கு விற்றவரே பொறுப்பு என்னும் கொள்கை நெடுங்காலத்தது. பழைய உரோம நகரில் ஈடைல் எனப்படும் அதிகாரிகள் சந்தைகளை ஆண்டனர். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைகுறைகளை வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்று அவர்கள் ஆணை பிறப்பித்தனர். குறையை விற்றவர் அறிந்திராவிடினும் வாங்கியவர் ஆறு மாதத்துள் விற்பனையை முறித்துக்கொள்ளலாம். அன்றேல் ஓராண்டினுள் விலைக்குறைப்புக் கேட்கலாம். இம்முறை உரோம டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கு வந்தது. ஆங்கில நாட்டிலோ "வாங்குவோனே, விழித்திரு" என்பது நெடுங்காலம் ஆட்சி செய்தது. திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகர்க்கென்றே ஒதுக்கினார். அறநூல் விற்போரின் நெஞ்சை நோக்கிப் பேசுவது. வாங்குவோன் கையில் ஒரு வழக்கைக் கொடுப்பது சட்டத்தின் வேலை. அவ்வேலையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1893இல் ஒரு சட்டமாகத் தொகுத்தது. அதனை அடியொற்றி நம் நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள்கள் விற்பனைக் கட்டளைச்சட்டம் எழுந்தது. அசையும் பொருள்களின் விற்பனையில் உரோம டச்சு முறையின் இடத்தை அன்று முதல் ஆங்கில முறை பிடித்துக்கொண்டது. மூல நாட்டில் அச்சட்டம் 1979, 1994, 2015ஆம் ஆண்டுகளிற் புதுக்கப்பட்டது. நாம் இன்றும் பெரும்பாலும் 1896இன் வாசகத்தையே கையாளுகின்றோம். மாட்டு வண்டிக் காலத்துச் சொற்கள் மடிக்கணினிக்குப் பொருந்துமோ என ஐயுறவேண்டா. அவை நன்றாகவே பொருந்துகின்றன.

அக்கட்டளைச்சட்டம் விற்பனைதோறும் உட்கிடையாக வைக்கும் நிபந்தனைகளுள் மூன்று எமது பொருளுக்கு இன்றியமையாதவை. விவரித்து விற்ற பொருள் அவ்விவரத்திற்கு இணங்கியதாதல் வேண்டும் என்பது ஒன்று. பதினாறு கிகாபைட் நினைவகம் என்று எழுதி எட்டைப் பொருத்திக் கொடுத்தால் நிபந்தனை முறிந்தது. அத்தகைய பொருள்களை வாணிகம் செய்வோரிடம் விவரத்தின்படி வாங்கிய பொருள், விற்பனைக்குத் தகுந்த தரத்ததாதல் வேண்டும் என்பது மற்றொன்று. கடையில் நேரிற் கண்டு வாங்கினும் அது விவரத்தின்படி வாங்கியதாகவே கொள்ளப்படும் என்பதைப் பிரிவுக் கவுன்சில் 1935இல் ஆஸ்திரேலிய உள்ளாடை வழக்கொன்றிற் தெளிவுபடுத்தியது. 1971வரை நம் நாட்டுக்கும் அம்மன்றமே இறுதி மன்றமாய் இருந்தது. ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உண்டு: வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைபற்றி அவர் பின்னர் முறையிட முடியாது. திரையிற் கீறல் இருந்ததைக் கண்டும் வாங்கியவர் கீறலுக்காக வழக்காடல் ஆகாது. தாய்ப்பலகையினுள் மறைந்திருந்த வெடிப்புக்காக வழக்காடலாம்.

மூன்றாவது நிபந்தனையே எமது நோக்கில் மிகப் பெரிது. நம்மவர் மிகுதியாகக் கைநழுவ விடுவதும் அதுவே. எந்த நோக்கத்திற்காகப் பொருளை வாங்குகின்றார் என்பதை வாங்குவோர் அறிவித்து, விற்போரின் அறிவையும் திறனையும் நம்பி வாங்கினால், அந்நோக்கத்திற்குப் பொருள் ஏற்றதாதல் வேண்டும். ஆனால் வணிகப்பெயர் குறித்து வாங்கும் பொருளுக்கு இந்நிபந்தனை இல்லை என்று சட்டம் ஒரு விலக்கும் வைத்திருக்கின்றது. கடைக்குட் புகுந்து, "இன்ன நிறுவனத்தின் இன்ன இலக்கக் கணினியைத் தாரும்" என்று கேட்டவர் தம் அறிவையே நம்பினார். "மகன் கட்டடக்கலை பயிலப் போகின்றான், வரைபட மென்பொருள்கள் இதில் ஓடவேண்டும், எது ஏற்றது?" என்று கேட்டவர் கடைக்காரரின் அறிவை நம்பினார். இருவரும் ஒரே பெட்டியையே சுமந்துகொண்டு வெளியேறலாம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரே பொருளை வாங்கியவர்கள் அல்லர்.

1925ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் வெளியான புகாட்டி மோட்டார் வழக்கு இதற்குச் சிறந்த சான்று. சுற்றுப்பயணத்திற்கு உகந்த வசதியான வண்டி வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விற்போர் புகாட்டியை எடுத்துரைக்க, அவர் அப்பெயரைக் குறித்தே கட்டளை கொடுத்தார். வந்த வண்டி வசதியற்றது, சுற்றுப்பயணத்திற்கு ஆகாதது. "புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினீர்" என்ற விற்போரின் வாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விலக்குப் பொருந்தாது. பெயரைக் குறித்தபோதும் விற்போரின் திறனையே அவர் நம்பியிருந்தார் என்பது தீர்ப்பு. ஆதலால் கணினி வாங்கச் செல்வோர் நோக்கத்தை வாயாற் சொல்லுவதோடு நில்லாது, விலைக்கூறு கேட்கும் கடிதத்திலும் எழுதுதல் நன்று. பாடசாலைக்கு வாங்குவோர் இதனைக் கட்டாயமாகச் செய்தல் வேண்டும். "இருபது மாணவர் ஒருங்கே பயிலும் அறைக்கு" என்னும் ஒரு தொடர், பின்னாளில் ஒரு சாட்சிக்குச் சமமாகும்.

பாவித்த கணினிகளைப் பற்றியும் ஒரு சொல். வாணிகரிடம் வாங்கினால் மேற்கூறிய தரநிபந்தனை பாவித்த பொருளுக்கும் உண்டு. விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தரமே எதிர்பார்க்கப்படும். அயல்வீட்டாரிடம் வாங்கினால் அந்நிபந்தனை இல்லை. ஆயினும் விவரம் பொய்த்தல் ஆகாது. 1967இல் அறிக்கையிடப்பட்ட ஓர் ஆங்கில வழக்கில், 1961ஆம் ஆண்டு மோட்டார் என்று தனியாள் ஒருவர் விளம்பரம் செய்து விற்ற வண்டி, உண்மையில் வெவ்வேறு வண்டிகள் இரண்டின் பாதிகளை ஒட்டியதாக இருந்தது. பின்பாதி மட்டுமே 1961ஆம் ஆண்டினது. விற்றவருக்கும் அது தெரியாது. எனினும் அவர் நட்டஈடு செலுத்தவேண்டியதாயிற்று. பழைய உறுப்புகளைப் புதிய பெட்டியுள் அடைத்து விற்கும் வழக்கத்தைக் கண்டவர்க்கு இதன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

பழுதுற்றால் யாரிடம் செல்வது? "கம்பனியைக் கேளுங்கள், நாங்கள் விற்பவர்கள் மட்டுமே" என்பது நாள்தோறும் கேட்கும் மறுமொழி. ஒப்பந்தம் கடைக்காரரோடு செய்யப்பட்டது. பணம் பெற்றவரும் அவரே. மேற்கண்ட நிபந்தனைகளுக்கு அவரே பொறுப்பு. தாம் கொள்வனவு செய்தோரிடம் அவர் தம் நட்டத்தை மீட்டுக்கொள்வது அவரது அலுவல்.

இனி, காலத்தின் கொடுமையைச் சொல்லவேண்டும். நிபந்தனை முறிந்தால் வாங்கியவர் பொருளை நிராகரித்து முழு விலையையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால் அவ்வுரிமை போய்விடும். நட்டஈடு மாத்திரமே எஞ்சும். ஏற்றுக்கொண்டேன் என்று வாயாற் சொல்லவேண்டியதில்லை. நியாயமான காலம் கடந்தும் நிராகரிப்பதாக அறிவியாது வைத்திருத்தலே ஏற்றலாகும். 1987இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஒரு வழக்கை நோக்குக. புது மோட்டார் வாங்கி மூன்று வாரம்; ஓடியது ஏறக்குறைய 140 மைல்; உள்ளே சிந்தியிருந்த ஒட்டுப்பசைத் துளி ஒன்றால் எண்ணெய் தடைப்பட்டு இயந்திரம் இறுகிப்போயிற்று. வண்டி விற்பனைக்குத் தகாதது என்று நீதிபதி ஏற்றார். நிராகரிக்கும் காலம் மூன்று வாரத்திற் கடந்துவிட்டது என்றும் கூறினார். அத்தீர்ப்பு மிகக் கடுமையானது என்பதே எமது எண்ணம். அந்நாட்டிலும் பலர் அங்ஙனமே கருதினர். 1994இல் சட்டத்தைத் திருத்தி, திருத்தவேலைக்கு உடன்பட்ட மாத்திரத்தில் ஏற்றதாகாது என்று எழுதிவைத்தனர். நம் கட்டளைச்சட்டத்தில் அவ்வாசகம் இல்லை. ஆகவே கணினியைப் பெட்டியிற் கட்டி அலுமாரியில் வைத்து, விடுமுறையில் வரும் மருமகன் பார்ப்பான் என்று காத்திருத்தல் கூடாது. வாங்கிய அன்றே இயக்கிப் பாருங்கள். பழுது கண்டால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். திருத்தக் கொடுக்கும்போதும், "நிராகரிக்கும் உரிமையைக் கைவிடாமலே கொடுக்கின்றேன்" என்று ஒரு வரி எழுதி, பெற்றமைக்குக் கையொப்பம் வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், அதனாற் குற்றமில்லை.

இதுவரை கூறியன பெரும்பாலும் கையாற் தொட்டுணரும் பொருள்களைப் பற்றியன. கணினியிலோ தொடமுடியாத ஒன்றுதான் பாதிக்கு மேல். மென்பொருள் பழுதுற்றால் "பொருள்" விற்கப்பட்டதென்று சொல்லலாமா? இவ்வினாவுக்கு விடை தேடிய வழக்கு ஒன்று 1996இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்தது. நம் கட்டளைச்சட்டம் விடை கூறாத இடத்து ஆங்கிலச் சட்டத்தின் நெறிகளை நோக்குமாறு பணிப்பதால், அவ்வழக்கு நமக்கும் அயலானதன்று.

இலண்டனுக்கு வடக்கேயுள்ள செயின்ற் ஆல்பன்ஸ் என்னும் ஊரின் நகரசபை, ஆள்வரி அறவிடும் வேலைக்காக 1988இல் ஐ.சி.எல். என்னும் கணினி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. வரி தலைக்கு இவ்வளவு என்பது ஊரில் வரி இறுப்போர் தொகையைப் பொறுத்தது. 1989 டிசம்பரில் மென்பொருள் அத்தொகையை 97,384.7 என்று கணித்துக் கொடுத்தது. அது உண்மையிலும் 2,966 மிகுதி. இல்லாத தலைகளுக்கும் பங்கிட்டதனால் தலைக்குரிய வரி குறைவாய் விதிக்கப்பட்டது. நகரசபைக்கு 484,000 பவுண் வரவு குறைந்தது. அதே பொய்த் தொகையின் அடிப்படையில், மேலேயுள்ள மாகாண சபைக்கு 685,000 பவுண் மிகையாகச் செலுத்தவும் நேர்ந்தது. நகரசபை வழக்குத் தொடுத்தது.

நிறுவனம் இரு அரண்களுக்குள் நின்றது. மென்பொருள் இன்னும் வளர்ச்சியுறும் நிலையிலிருந்தது என்பதை வாங்கியோரும் அறிந்திருந்தனர். ஆதலின் பிழைகளைப் பொறுத்தல் வேண்டும் என்பது ஒன்று. வளர்ச்சியுறும் நிலையை அறிந்து வாங்கினாலும், அந்நிலையிற் செய்யவேண்டிய வேலையைச் செய்யாத மென்பொருளைத் தருவதற்கு அது உரிமம் ஆகாது என்று நீதிபதிகள் கூறினர். தமது பொறுப்பு 100,000 பவுணுக்கு மேற் செல்லாது என்று ஒப்பந்தத்திற் கண்ட விதி இரண்டாம் அரண். 1994இலேயே முதல் நீதிமன்றம் அவ்விதியை நியாயமற்றதென்று தள்ளிவிட்டது. நிறுவனம் பெரியது, அவ்வேலையைச் செய்யக்கூடிய நிறுவனங்கள் சிலவே, நகரசபைக்குப் பேரம் பேசும் வலுக் குறைவு, நிறுவனமோ 50 மில்லியன் பவுணுக்குக் காப்புறுதி செய்திருந்தது. நட்டத்தை யார் தாங்குதல் எளிது என்று நீதிமன்றம் நோக்கிய முறை இது. மேன்முறையீட்டிலும் அம்முடிபு நிலைத்தது. ஆனால் 484,000 பவுணை வரியிறுப்போரிடமிருந்தே மறு ஆண்டில் அறவிட முடிந்ததால், அத்தொகை நட்டஈட்டிலிருந்து கழிக்கப்பட்டது.

அவ்வழக்கிற் சேர் அயன் கிளைட்வெல் கூறிய ஒரு கருத்து மாணவர்க்குச் சுவை பயக்கும். வெறும் கட்டளைத்தொடராகிய மென்பொருள் "பொருள்" அன்று. அதனைத் தாங்கிய தட்டு "பொருள்". பிழையான மென்பொருளைப் பொறித்த தட்டை விற்றால், பிழையான அறிவுரை அச்சிட்ட கைந்நூலை விற்றது போலாகும். சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தும். நிறுவனத்தின் ஊழியர் தட்டோடு வந்து, மென்பொருளைக் கணினியில் ஏற்றிவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்துச் சென்றால்? அப்போது பொருள் எதுவும் கைமாறவில்லை. எனினும் தன் வேலைக்கு ஏற்றதாய் மென்பொருள் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் பொதுச்சட்டமே ஒப்பந்தத்தில் உட்கிடையாக வைக்கும் என்றார் அவர். உடலும் உயிரும் பற்றிய நம் சமயவாதங்களை இது நினைவூட்டுகின்றது! இணையவழியே மென்பொருள் இறங்கும் இந்நாளில், பயன்படுவது பிற்பாதியே.

பொறுப்பை விலக்கும் சிற்றெழுத்து விதிகளைக் கட்டுப்படுத்த நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உண்டு. ஆங்கில நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்மாதிரி. "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று சுவரில் எழுதிய மாத்திரத்தில், நிராகரிக்கும் உரிமை சுண்ணாம்போடு சுண்ணாம்பாய் மறைந்துவிடுவதில்லை என்பதை இதனால் அறிக.

நட்டஈட்டின் அளவு பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகின்றது. கொடுத்த விலைக்கு மேல் எதுவும் கேட்கலாகாது என்று பலர் எண்ணுகின்றனர். வாக்களித்த தரத்தில் இருந்திருப்பின் பொருளுக்கு என்ன பெறுமதியோ, அதிலிருந்து வந்த நிலையில் உள்ள பெறுமதியைக் கழித்தால் எஞ்சுவதே முதல் அளவு. அமெரிக்காவில் சற்லொஸ் என்னும் நிறுவனம் 1974இல் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்திடம் 46,020 டொலருக்குக் கணினித் தொகுதி ஒன்றை வாங்கியது. ஆறு வேலைகளைச் செய்யும் என்று வாக்களிக்கப்பட்டது. சம்பளக் கணக்கு ஒன்றே நடைபெற்றது. வாக்களித்த அனைத்தையும் செய்யவல்ல தொகுதியின் பெறுமதி 207,826.50 டொலர், கிடைத்ததன் பெறுமதி 6,000. இடைப்பட்ட 201,826.50 டொலரை 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மன்றத்தின் நீதிபதி ஒருவர் உடன்படவில்லை. வாக்களிப்போர் அளந்து வாக்களிக்கட்டும் என்று நாம் மகிழலாம். ஆயின் தொழில் முடங்கியதால் விளைந்த பின்னட்டத்தை அதே நிறுவனம் பெறமுடியவில்லை. ஒப்பந்தத்தின் விலக்கு விதி அதனைத் தடுத்தது. அழிந்துபோன கோப்புகளும் எழுதி முடித்த ஆய்வேடுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரதிசெய்து வேறிடத்தில் வைப்பது எந்த வழக்கினும் நல்லது.

நூறாயிரம், இருநூறாயிரம் ரூபாய்க் கணினிக்காக மாவட்ட நீதிமன்றப் படியேறுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இதற்கென்றே உள்ளது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்திற்கு இணங்காத பொருளை விற்றமை பற்றி அச்சபை விசாரித்து, நட்டஈடு செலுத்துமாறோ, பொருளை மாற்றித் தருமாறோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிடலாம். "உட்கிடையாகவோ" என்னும் சொல்லை மாணவர் கவனிக்க. அட்டையில் இல்லாததும் அதனுள் அடங்கும். முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துள் சேர்தல் வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாருங்கள்" என்று பன்னிரண்டு முறை சொன்னால் அக்காலம் கழிந்துவிடும். சிலர் அதனை அறிந்தே சொல்லுகின்றனர். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

அக்காலம் தவறியவர்க்கும் நீதிமன்ற வழி அடைபடவில்லை. எழுத்திலமைந்த ஒப்பந்தத்திற்கு ஆறு ஆண்டும் ஏனையவற்றுக்கு மூன்று ஆண்டும் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் அளிக்கின்றது. சிறுதொகைப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லுதல் வேண்டும். எவ்வழி சென்றாலும் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைக்கு எழுதிய கடிதம் ஆகிய மூன்றின் பிரதிகளை இணைத்துக் கொடுத்து, மூலங்களைத் தம் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டின் மை இரண்டு ஆண்டில் வெளிறிவிடுவதால், அதனை வாங்கிய அன்றே ஒளிப்பிரதி எடுத்துக்கொள்க.